ஆகாயத்துக்கு ஆள் அனுப்பியவர்

அவர் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேரைக் கேட்க மாட்டார். "உங்க வேலையில எது ரொம்பக் கஷ்டம்?" என்றுதான் கேட்பார். ஸ்டவ் ரிப்பேர் செய்கிறவர், பால்காரர், தண்ணீர் திறந்துவிட வருகிற கார்ப்பரேஷன் ஆள், யார் வாசலில் நின்றாலும் இதே கேள்விதான். கேட்டுவிட்டு முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒருவர் அப்படிக் காத்திருந்தால் நமக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லிவிடுவோம். நாலைந்து மாதம் கழித்து, நாம் சொன்னது ஏதாவது ஒரு கிரகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

ஸ்டவ்காரர் அப்படித்தான் போனார். பூமிக்குத் திரும்ப முடியாமல் பாதி வழியில் நின்றுபோன ஒரு ராக்கெட்டை, ஸ்டவ் குத்துகிற பின்னை வைத்து அடைப்பெடுத்துக் கிளப்பிவிட்டார். பால்காரர் சந்திரனுக்குப் போனார். அங்கே கூடாரம் கூடாரமாகத் தண்ணீர் அளந்து ஊற்றுகிற வேலை. அதை நான் படித்துக் காட்டியபோது பால்காரர், "அங்கயும் தண்ணி ஊத்தத்தான் உட்டீங்களா சார் என்னை" என்று சிரித்துவிட்டு, அன்றைக்குக் கால் லிட்டர் அதிகமாகவே ஊற்றிவிட்டுப் போனார்.

ஆளைக் கேட்காமல் இப்படி எழுதலாமா என்று ஒரு தடவை கேட்டேன். நான் அவரிடம் கேட்ட கேள்விகளே குறைவு. "மேல அனுப்பிட்டா யாருக்கும் வலிக்காதும்மா. அங்க எதுக்கும் கனம் கிடையாது" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் பாவாடை கட்டிக்கொண்டு அ, ஆ எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு ராக்கெட் கதை எழுதிக்கொண்டிருந்தாராம். அப்போது அவருக்கு இங்கே, இந்தக் கன்னட ஊரில், ஒரு பெரிய ஃபாக்டரியில் ஸ்டோர் கிளார்க் வேலை. பகலெல்லாம் போல்ட்டும் நட்டும் எண்ணி ரிஜிஸ்டரில் ஏற்றுவாராம். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் சீட்டின் பின்பக்கத்தில் கதை எழுதுவாராம். அவருடைய ராக்கெட்டில் மொத்தம் எத்தனை போல்ட் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார். ஆனால் நிஜ ராக்கெட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஏரோப்ளேனிலும் ஏறினதில்லை. ஊட்டி மலை ஏறினதுதான் தான் போன அதிக உயரம் என்பார்.

அந்தக் காலத்தில் அவருக்குச் சாக்கில் கடிதம் வருமாம். நிலாவில் மனுஷன் இறங்கியதோடு நின்றுவிட்டது. "நாங்க இருபது வருஷமா அங்க பாலம் கட்டி, கோட்டை கட்டி, கல்யாணம் பண்ணி வெச்சிருந்தோம். இவனுங்க போய் வெறும் மண்ணுன்னு சொல்லிட்டானுங்க" என்பார். இறங்கின மனுஷர்கள் மேல் அவருக்கு நிஜமாகவே கோபம். அந்தப் பேச்சு வந்தால் காபியைக்கூடப் பாதியில் வைத்துவிடுவார்.

இதில் இன்னொரு விஷயம். அவர் எழுதினதெல்லாம் வீட்டம்மாவின் பேரில். அந்தக் காலத்தில் ஆண்கள் அப்படி எழுதுவது வழக்கம்தானாம். ஃபாக்டரியில் தெரிந்தால் தொல்லை என்பதும் ஒரு காரணம். அதனால் ராக்கெட்டில் போவது, ராட்சதப் பூச்சியோடு சண்டை போடுவது எல்லாம் அந்த அம்மா எழுதினதாகத்தான் ஊரில் பேச்சு.

ஆஸ்டின் டவுனில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நாங்கள் குடி வந்தது தொண்ணூற்று இரண்டில். நான் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவேன். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். கடையில்கூட வேண்டியதைக் கையால் காட்டித்தான் வாங்குவேன். ஒரு நாள் அந்த அம்மா வாசலில் வந்து நின்று, "உனக்குத் தமிழ் எழுத வருமாமே?" என்றார். எழுத்தாளருக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. நிழல்தான் தெரியும். மகளும் மருமகனும் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்த அம்மாவுக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டார். "நான் அவருக்கு எழுதித் தர மாட்டேன். அது வேற கதை" என்றார்.

வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் போவேன். அவர் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், நான் கீழே பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். வேகமாகச் சொல்ல மாட்டார். ஒரு வரியைச் சொல்லி, நான் எழுதி முடித்து "ம்" என்றதும் அடுத்த வரி. எழுத்துப் பிழை வரும் என்று பயந்தேன். "பிழையைப் பத்திரிகைக்காரன் பாத்துப்பான். நீ நான் சொன்னதை மட்டும் எழுது, நல்லா இருக்கணும்னு எதையும் சேர்க்காத" என்றார். நான் சேர்த்ததே இல்லை. ஊதுபத்திக் கரி என் விரலில் இருந்து தாளில் அப்பிக்கொள்ளும். அவர் தாளை மூக்குக்கிட்டே கொண்டுபோய், "நம்ம கதைக்குத்தான் வாசனை" என்பார்.

அவரிடம் எனக்குக் கூச்சம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம். பிறகுதான் புரிந்தது, அவருக்கு என் முகம் தெரியாது. நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன், புடவை கிழிந்திருக்கிறதா, பேசும்போது கண் கலங்குகிறதா, ஒன்றும் தெரியாது. கிணற்றடியில் தனியாக நின்று பேசுகிற மாதிரி இருக்கும். ஐம்பது வயசுக்கு மேல் எனக்குப் பேச்சு வந்தது அந்த ஜன்னலோரத்தில்தான்.

அந்த அம்மா இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் நான் கிளம்பும்போது சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் விஷயத்தைச் சொன்னார். கல்யாணமான புதிதில் மாமியார் கொடுமை தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் காலை ரயிலேறி வேலூரில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். அங்கே வாசல் வரைக்கும் போய், அப்பாவின் முகத்தை நினைத்து உள்ளே போகாமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். கோயிலுக்குப் போனதாக மாமியாரிடம் சொன்னார். புருஷனிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்தாராம். மூன்று மாதத்தில் கதை வந்தது. செவ்வாய் கிரகத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், ஒருவருக்கும் தெரியாமல் ராக்கெட் ஏறிப் பூமிக்கு வருகிறாள், தாய் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பிப் போகிறாள்.

"என் பேரைப் போட்டு வந்துச்சு. நாத்தனார் சத்தமாப் படிச்சிக் காட்டுது, மாமியார் கேட்டுகினு இருக்காங்க. நானே எழுதினேன்னுதானே நினைப்பாங்க? சாகிற வரைக்கும் என்னை ராக்கெட்டுக்காரின்னுதான் கூப்பிட்டாங்க" என்றார். பிறகு, "நல்ல மனுஷன்தான். ஆனா எதையும் சொல்லிடாத. அவருக்கு வயித்துல எதுவும் தங்காது" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஊதுபத்தி உருட்டும்போது அந்தப் பேச்சை நினைத்துச் சிரித்தேன்கூட. புருஷன் பெண்டாட்டி விவகாரம், எனக்கு என்ன என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்டின் டவுனுக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் மைசூர் ரோடு பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தொண்ணூற்று ஒன்று டிசம்பரில் காவேரித் தகராறு வந்து, தமிழ் பேசுகிறவர்களைத் தேடி அடித்தார்கள். எங்கள் தெருவில் நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம். என் வீட்டுக்காரர் ஓசூர்ப் பக்கம் லோடு இறக்கப் போனவர் பஸ் நின்றுபோய் அங்கேயே மாட்டிக்கொண்டார். நான் தனியாக உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பு மூட்டவில்லை, புகை வெளியே போனால் ஆள் இருப்பது தெரியும் என்று. தெருமுனையில் ஒரு கும்பல் நின்று கத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினார்கள். என் தங்கை வீட்டுக்காரர். அக்கா தனியாக இருப்பாளே என்று சைக்கிளிலேயே என்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறார். தெருவில் தமிழ் பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கன்னடத்தில், "அக்கா, பாகிலு தெகீரி, நானு" என்றார். கதவைத் திறக்கச் சொல்கிறார். குரல் அவர் குரல்தான். எனக்கு அது தெரிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, நான் பயத்தில் ஆள் தெரியாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல, கொஞ்சம் சத்தமாகத் தமிழில், "அக்கா, நான்தாங்க்கா" என்றார்.

அது தெருமுனை வரைக்கும் கேட்டுவிட்டது. ஓடி வருகிற சத்தம் வந்தது. அப்போதும் ஐந்தாறு எண்ணுகிற நேரம் இருந்தது. தாழ் எனக்கு எட்டுகிற தூரம்தான். நான் திறக்கவில்லை.

அவருடைய வலது முழங்காலை உடைத்துவிட்டார்கள். அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. லேத் பட்டறையில் நின்று செய்கிற வேலை போய்விட்டது. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்கிற வேலைதான் பிறகு கிடைத்தது.

அன்றைக்கு நான் வீட்டு ஓனர் வீட்டில் ஒளிந்திருந்ததாகச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவர் என்னைத்தான் தேற்றினார். "நல்லவேளைக்கா, நீங்க உள்ள இல்ல. இருந்திருந்தா என் குரல் கேட்டுக் கதவைத் தெறந்திருப்பீங்க. உங்களையும் சேத்து அடிச்சிருப்பானுங்க." அவரும் ஒன்றை மறைத்தார். தமிழில் கூப்பிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. தங்கை வாசலில் நின்று, வாயைத் திறந்தால் கன்னடம்தான் என்று ஆணையிட்டு அனுப்பியிருக்கிறாள். அந்த வெட்கத்தில், சைக்கிள் கேரியரில் தமிழ்ப் பத்திரிகை இருந்தது, அதைப் பார்த்துப் பிடித்தார்கள் என்றே எல்லோரிடமும் சொன்னார். அவர் எப்போதும் பத்திரிகை வாங்குகிறவர், அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. இரண்டாவது தடவை தமிழில் கூப்பிட்டது அவருக்குத் தெரியும். கதவுக்கு உள்ளே இருந்த எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இதைத்தான் நான் எழுத்தாளரிடம் சொன்னேன்.

சொல்ல வேண்டும் என்று போகவில்லை. நான் அவரிடம் எழுதப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்கு ஆகாயத்தில் சுற்றுகிற ஒரு நிலையத்தைப் பற்றிய கதை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே ஒருத்தி தனியாக இருக்கிறாள். நாலைந்து வரிக்கு மேல் அவருக்கு ஓடவில்லை. "மூடின கதவுக்குப் பின்னாடி ஒருத்தி உக்காந்திருந்தா எதைப் பார்ப்பா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டாரா தெரியவில்லை. "தாழ்ப்பாளைப் பார்ப்பா சார். ஆடுதான்னு பார்த்துக்கிட்டே இருப்பா" என்றேன். அவர் முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். நான் சொல்லத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லாததை, கோயிலில் சாமி முன்னால் நின்றுகூட மனசுக்குள் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அழுதேன். அவருக்கு அது சத்தத்தில் தெரிந்திருக்கும்.

முடித்ததும் முகத்தைக் கீழே இறக்கினார். பிறகு, "இது என்னோட போச்சு" என்றார். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டார். சின்ன வயசில் இவர் கதைகளைப் படித்து வளர்ந்தவராம். தீபாவளி மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் நாலு தடவை படித்துக் காட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவர் கேட்கிறார். என் தங்கை வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நானே பெருமையாகச் சொன்னேன். நான் எழுதிக் கொடுக்கிற சாருடைய கதை அச்சில் வரப்போகிறது என்று. "எந்தப் புக்குல, எப்பக்கா?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை எழுத்தாளரிடம் அதையும் சொன்னேன். "ஓ, அவர் படிப்பாரா" என்றார். அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தோம். பாதியில் விட்ட அந்த ஆகாய நிலையத்துக் கதையைத்தான் எடுத்தார். முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிலையத்துக்கு இரட்டைக் கதவு, நடுவில் காற்றில்லாத ஒரு சின்ன அறை, இப்படிப் போனது. மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே ஒருவன் வந்தான். முதலில், நிலையம் சுற்றுகிற கிரகத்துக்காரர்களின் பாஷையில் கூப்பிட்டான். உள்ளே இருப்பவள் திறக்கவில்லை. பிறகு தன் பாஷையில் கூப்பிட்டான். அந்தப் பாஷையை வைத்துத்தான் எதிரிகள் அவன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

என் பேனா நின்றுவிட்டது. அவர் "ம்" என்ற சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"சார், இது வேணாமே" என்றேன்.

"எது?"

"அந்தக் கதவு."

"கதவு எங்கம்மா இருக்கு? பூமியிலிருந்து எத்தனை கோடி மைலு. உன்னை நான் எழுதுவேனா? உள்ள ஏழு குழந்தைங்க தூங்கறாங்க. கதவைத் திறந்தா காத்து போயி ஏழும் செத்துரும். அதனாலதான் அவ திறக்கல. அப்பிடித்தான் வரப்போவுது. நீ வேற, அவ வேற. யார் கண்டுபிடிப்பா?"

நான் அவர் சொன்னதை எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். அவருக்குக் கண் தெரியாது. இரண்டு வரியை நான் மாற்றியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னதை மட்டும் எழுது என்று முதல் நாளே சொல்லியிருந்தார், நானும் அப்படியே பழகிவிட்டேன். கவரில் போட்டு, முகவரி எழுதி, தபாலாபீசில் சேர்த்தவளும் நான்தான்.

மலர் வந்தது. அந்த அம்மாவின் பேரில்தான் வந்தது. தெருவில் எல்லோரும் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

தீபாவளிக்கு அடுத்த வாரம், தன் லீவு நாளில், தங்கை வீட்டுக்காரர் தனியாக வந்தார். எப்போதும் தங்கையோடும் பிள்ளைகளோடும் வருகிறவர். ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், அந்தக் காலோடு. நாற்காலி போட்டேன். காலை நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். பைக்குள்ளிருந்து மலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

கேட்டில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன் என்றார். நல்ல கதை என்றார். பக்கத்து செக்யூரிட்டிக்காரருக்குக்கூடப் படித்துக் காட்டினாராம். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் பாதியில் மூடி வைத்துவிட்டேன் என்றார்.

"அக்கா, அன்னிக்கு நான் ரெண்டாவது வாட்டி கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதினவர் எப்படியோ தானாக யோசித்து எழுதிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பவும் தயாராக வந்திருந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் மலரின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு குழந்தையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"உள்ள உங்ககூட வேற யாராச்சும் இருந்தாங்களாக்கா? பக்கத்து வூட்டுக் கொழந்தைங்க, யாராச்சும்?"

கதையில் இருந்த அந்த ஏழு குழந்தைகளை அவர் தேடி வந்திருக்கிறார். ஒரு குழந்தை இருந்திருந்தால்கூட அவருக்குப் போதும். அதைச் சொல்லிவிட்டால் அவர் காபியைக் குடித்துவிட்டு, சரி போகட்டும்க்கா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பொய்யை எழுத்தாளர் எனக்காகவே தயார் பண்ணி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் நான் அந்தக் கதையை என் கையால் எழுதியவள். அந்த ஏழு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

"இல்லீங்க. நான் மட்டும்தான்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி இருந்தது. எழுந்திருக்க அவருக்கு நேரம் பிடிக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "அவகிட்ட சொல்லல. அவளுக்கு உங்களைவிட்டா யாரு இருக்காங்க" என்றார். மலரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் எனக்கு எழுதுகிற முறை. போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், கேட்க வேண்டும் என்றுதான். 'இது என்னோட போச்சுன்னு சொன்னீங்களே சார்' என்ற ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு வீட்டுத் தூரத்தில் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

என் காலடிச் சத்தம் கேட்டதும் அவரே தொடங்கிவிட்டார். மெட்ராஸிலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது, மகள் எழுத்துக் கூட்ட முடியாமல் வைத்திருக்கிறாள், படி என்றார். படித்தேன். அந்த இரண்டாவது அழைப்பைப் படித்தபோது உடம்பெல்லாம் புல்லரித்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"பாத்தியா? அதை மாத்திடலாமான்னு நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். உன் தங்கச்சி வீட்டுக்காரர் படிப்பாருன்னு வேற சொன்ன. வேற எதையாச்சும் வெச்சு அவன் மாட்டிக்கிற மாதிரி பண்ணலாம்னு பாத்தேன். வரலம்மா. அதை எடுத்துட்டா கதையே இல்ல."

அவருக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கண் தெரியாத மனுஷன், வயசானவர், யோசிக்காமல் எழுதிவிட்டார் என்றுதான் வழியில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் இரண்டு நாள் யோசித்திருக்கிறார். என் தங்கை வீட்டுக்காரரை ஒரு பக்கமும் அந்த ஒரு வரியை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்து, வரியை எடுத்துக்கொண்டிருக்கிறார். கோடி மைல் தூரம் என்று என்னிடம் சொன்னபோதே அவருக்கு ஹெப்பகோடி எத்தனை மைல் என்று தெரிந்திருக்கிறது.

நான் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் வாய்க்கு வரவில்லை.

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, "வந்தாரா?" என்று கேட்டார்.

"யாரு சார்?"

"அவர்தான். படிச்சிருப்பாரே. வந்தாரா? என்ன கேட்டார்?"

"வரலீங்க" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. உடனே சமாளித்துக்கொண்டார். "வருவார். வராம இருக்க மாட்டார். வந்து என்ன சொல்றாருன்னு ஒரு வார்த்தை விடாமக் கேட்டு வையி. ரெண்டாம் பாகம் அங்கதான் இருக்கு."

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு எழுதப் போகவில்லை. பத்து நாள் கழித்து அந்த அம்மா என் வாசலுக்கு வந்தார். ஊதுபத்தி உருட்டுகிற என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கை வலியாம்னு சொல்லிடறேன்" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கிறது?

இரண்டாயிரத்தில் எழுத்தாளர் காலமானார். அதுவரைக்கும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் நான் கடைக்கும் பஸ்ஸுக்கும் போக வேண்டும். என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும். நான் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் உள்ளிருந்து குரல் வரும். "என்னம்மா, வந்தாரா?" நான் நின்று, "வரலீங்க" என்பேன். அவர் "ம்" என்பார்.

பண்டிகை நாட்களில் தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவருக்கு லீவு கிடைக்கலக்கா என்பாள். பொங்கலுக்கும் கிடைக்காது, தீபாவளிக்கும் கிடைக்காது. அப்படி என்ன கம்பெனி என்று அவளிடம் நான் கேட்டதில்லை.

எழுத்தாளரிடம் முதல் தடவை வரலீங்க என்று சொன்னது பொய். அதற்குப் பிறகு அந்த ஜன்னலில் நின்று நான் சொன்னதெல்லாம் நிஜம்.